தாழம்பூவைப் பார்த்தீர்களா?

திருவண்ணாமலைக்குப் போனால் ரமணாசிரமத்துக்கு எதிரே, செங்கம் ரோட்டில் நின்று ஒரு டீ குடித்துப் பாருங்கள். அங்கே கிடைக்கிற வேடிக்கைக்கு டிக்கெட்டே போடலாம்.

பெஞ்சின் ஒரு மூலையில் வேட்டியைத் துண்டு மாதிரி சுற்றிக்கொண்ட ஐரோப்பியர் கண்மூடி உட்கார்ந்திருப்பார். இன்னொரு மூலையில், 14 கிலோமீட்டர் கிரிவலத்தில் முதல் இரண்டு கிலோமீட்டர் முடிந்ததுமே காலைப் பிடித்துவிட்டுக்கொள்கிற செஞ்சிக்காரர். ஆசிரமத்துக்குள்ளே இருந்து மயில் கத்தும். மற்ற ஊர் டீக்கடைகளில் 'தம்பிக்கு எந்த ஊரு, என்ன வேலை?' என்று ஆரம்பிப்பார்கள். இங்கே விசாரணை நேராக 'நான் யார்?' லெவலுக்குப் போய்விடும். பி.காம். படித்தவனுக்கு அது கொஞ்சம் சிலபஸில் இல்லாத கேள்வி.

தீபத் திருவிழாக் கூட்டம் வடிந்த ஒரு வாரத்தில் அங்கேதான் அந்த அம்மாவைச் சந்தித்தேன். வயது அறுபதுக்கு மேல். பிரான்ஸில் ஸ்கூல் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். மடியில் ஒரு நோட்டு, கையில் பென்சில். எதிரே தெரிந்த மலையை வரைந்துகொண்டிருந்தார்.

பேச்சு வளர்ந்தது. கோயில் சிற்பங்களை வரைய வேண்டும், ஆனால் அர்த்தம் சொல்ல ஆள் இல்லை என்றார்.

'நான் சொல்றேன், வாங்க' என்றேன்.

கேட்டதும் சொல்லிவிட்டேன். யோசிக்கவே இல்லை. நம் ஊர் சாமி, நம் ஊர் கதை. நமக்குத் தெரியாதா என்ன?

மறுநாள் காலை கோயில். 217 அடி ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்து அவர் கழுத்து வலித்து முடிந்த பிறகு, உள்ளே போனோம். தரிசனம் முடித்து, கருவறையைச் சுற்றிப் பின்பக்கம் வந்தோம். சிவன் கோயில்களில் அந்த இடத்தில் யார் இருப்பார் என்று உங்களுக்குத் தெரியும். லிங்கோத்பவர். திருவண்ணாமலையில் அவர் வெறும் கோஷ்ட தெய்வம் இல்லை. இந்த ஊரின் தலபுராணமே அவர்தான்.

கதையை உற்சாகமாகச் சொன்னேன். பிரம்மாவுக்கும் விஷ்ணுவுக்கும் யார் பெரியவர் என்று சண்டை. நடுவில் ஒரு நெருப்புத் தூணாக சிவன் எழுந்து நிற்கிறார். அடியைத் தேடிப் பன்றியாக பூமியைக் குடைந்து போகிறார் விஷ்ணு. முடியைத் தேடி அன்னமாகப் பறக்கிறார் பிரம்மா. விஷ்ணு திரும்பி வந்து, 'என்னால் பார்க்க முடியவில்லை' என்று ஒப்புக்கொள்கிறார். பிரம்மாவோ வழியில் மேலேயிருந்து விழுந்துகொண்டிருந்த தாழம்பூவைப் பிடித்து, 'நான் முடியைப் பார்த்ததாக சாட்சி சொல்' என்கிறார். பூவும் சொல்லிவிடுகிறது. பொய் சொன்ன பிரம்மாவுக்குப் பூமியில் கோயில் இல்லை. பொய் சாட்சி சொன்ன தாழம்பூவுக்கு சிவ பூஜையில் இடம் இல்லை.

டீச்சரம்மா நோட்டில் மளமளவென்று வரைந்தார். தூண் வந்தது. நடுவே சிவன் வந்தார். கீழே பன்றி, மேலே அன்னம். பிறகு தலையைத் தூக்கிக் கேட்டார்.

'அந்தப் பூ எங்கே இருக்கிறது?'

நான் பார்த்தேன். விளக்கு வெளிச்சம் மங்கல். வஸ்திரம், மாலை, காலம் காலமான எண்ணெய்ப் பிசுக்கு. பின்னால் வரிசை நகரச் சொல்லித் தள்ளுகிறது. உண்மையைச் சொன்னால், என் கண்ணுக்குப் பூ எதுவும் தெரியவில்லை. அங்கே பூ செதுக்கப்பட்டிருக்கிறதா இல்லையா என்பதே எனக்குத் தெரியாது.

'அதோ... மேலே, அந்தப் பக்கமா' என்று கையைக் காட்டினேன்.

அவர் ஒரு விநாடி உற்றுப் பார்த்தார். 'ஓ' என்றார். நோட்டில் அந்த இடத்தில் ஒரு பூவை வரைந்துவிட்டார்.

பொய் சாட்சிக் கதையை விளக்கிக்கொண்டே ஒரு பொய் சாட்சி சொல்லியிருக்கிறேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. பசி வேறு.

* * *

வெளியே வந்து செருப்பை எடுத்துக்கொண்டு, பூக்கடைப் பாட்டியிடம் பேச்சுக் கொடுத்தேன். 'ஏம்மா, தாழம்பூ கிடைக்குமா?'

'சாமிக்கா? சாமிக்கு ஆவாதே தம்பி.'

'தெரியும்மா. பொய் சொன்ன பூவாச்சே.'

பாட்டி நாரைக் கிள்ளிக்கொண்டே சொன்னார்: 'பூ இன்னா தம்பி பண்ணும்? அது பாட்டுக்கு விழுந்துகினு இருந்துச்சு. பெரிய ஆளு வழியில புடிச்சு, இப்படிச் சொல்லுன்னா மாட்டேன்னு சொல்லுமா? சொல்லியிருக்கக் கூடாதுதான். ஆனா பிரம்மாவுக்குக் கோயில் இல்லைன்னு அவருக்கு இன்னா நஷ்டம்? தாழம்பூ விக்கிறவளுக்குத்தான் நஷ்டம்.'

ஒரு தத்துவ வகுப்பே முடிந்தது. பொய் சொல்லச் சொன்னவன் யார், பொய் சொன்னவன் யார், யாருக்கு எவ்வளவு பங்கு, தண்டனையை யார் சுமக்கிறார்கள்... நாலு கேள்வியையும் நார் கிள்ளிய நேரத்தில் கேட்டுவிட்டார். மொழிபெயர்த்துச் சொன்னேன். டீச்சரம்மா சிரிக்கவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டார்.

ஆட்டோ பிடித்து ஆசிரமப் பக்கம் திரும்பினோம். அதே டீக்கடை. அங்கே பல வருடமாகத் தங்கியிருக்கிற ஒரு பெரியவர் எங்கள் பேச்சில் கலந்துகொண்டார். அவருடைய விளக்கம் வேறு தினுசு.

'சார், அதெல்லாம் வெளிக் கதை. பிரம்மாங்கிறது புத்தி. விஷ்ணுங்கிறது அகங்காரம். புத்தியாலயும் அகங்காரத்தாலயும் எட்ட முடியாதது ஆத்மா. தாழம்பூ, மனசோட மயக்கம். அவ்வளவுதான். யாரும் யார்கிட்டயும் பொய் சொல்லலை.'

அந்தப் பகுதியில் அடிக்கடி காதில் விழுகிற விளக்கம்தான். அழகான விளக்கமும்கூட. எனக்கு என்னமோ அது ரொம்ப சௌகரியமாக இருந்தது. பூக்கடைப் பாட்டியின் கணக்கில் ஒரு குற்றவாளி இருக்கிறான். இவர் கணக்கில் யாருமே இல்லை. எல்லாம் உள்ளுக்குள் நடக்கிற விவகாரம்.

டீச்சரம்மா கொஞ்ச நேரம் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'எங்கள் ஊர்ப் பக்கம் இதே பிரச்னை கண்ணாடியில் இருக்கிறது' என்றார்.

* * *

பாரிஸிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத் தூரத்தில் ஷார்த்ர் என்று ஓர் ஊர். அங்கே ஒரு மாபெரும் தேவாலயம். 1194-ல் தீயில் பெரும்பகுதி அழிந்து, திரும்பக் கட்டியது. கட்டியதோடு, சுவரில் பாதியைக் கல்லாலும் மீதியைக் கண்ணாடியாலும் நிரப்பினார்கள் என்று சொல்லலாம். 170-க்கும் மேற்பட்ட ஜன்னல்கள். நீலம், சிவப்பு என்று வண்ணக் கண்ணாடித் துண்டுகளை ஈயப் பட்டையால் இணைத்து, வட்டம் வட்டமாக, சதுரம் சதுரமாக பைபிள் கதைகளையும் புனிதர்களின் கதைகளையும் சொல்லியிருக்கிறார்கள். பெரும்பாலானவை 13-ஆம் நூற்றாண்டின் முதல் 40 வருடங்களில் வந்தவை. இன்றைக்கும் அப்படியே வெயிலில் எரிகின்றன.

டீச்சரம்மா மாணவர்களை அங்கே பல முறை அழைத்துப் போயிருக்கிறார். கையில் ஆளுக்கொரு பைனாகுலர். ஏனென்றால் பல ஜன்னல்கள் அவ்வளவு உயரம். தரையில் நிற்பவனுக்கு வண்ணம் தெரியும், கதை தெரியாது.

'படங்கள் படிக்கத் தெரியாதவர்களின் புத்தகம்' என்கிற கருத்து அங்கே ரொம்பப் பழசு. கி.பி. 600 வாக்கில் மார்சேய் நகரத்து பிஷப் ஒருவர் கோயில் படங்களை உடைத்தபோது, போப் கிரிகோரி அவரைக் கண்டித்து இந்த அர்த்தத்தில் கடிதம் எழுதினார். நாமும் நம் கோயில் சிற்பங்களைப் பற்றி இதையேதான் சொல்கிறோம்.

யோசித்துப் பாருங்கள். கதை தெரியாத ஒருவர் லிங்கோத்பவரைப் பார்த்தால் என்ன தெரியும்? ஒரு தூண், ஒரு ஆள், ஒரு பறவை, ஒரு பன்றி. அவ்வளவுதான். படம் தானாகப் பேசாது. பக்கத்தில் ஒருவர் நின்று சொல்ல வேண்டும். பாட்டியோ, குருக்களோ, டீச்சரோ, என்னை மாதிரி ஓர் அதிகப்பிரசங்கியோ. அதாவது, எழுதப் படிக்கத் தெரியாதவன் கையில் கொடுத்த அந்தப் புத்தகத்தின் சாவி எப்போதும் இன்னொருத்தர் இடுப்பில்தான் இருந்திருக்கிறது.

ஷார்த்ரில் 'நல்ல சமாரியன்' ஜன்னல் என்று ஒன்று உண்டு. பெரும்பாலான ஜன்னல்களைப் போல இதையும் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகிற ஒருவனைத் திருடர்கள் அடித்துப் போட்டுவிடுகிறார்கள். பார்த்தும் பார்க்காத மாதிரி இரண்டு பேர் கடந்து போகிறார்கள். மூன்றாவதாக வருகிறவன் வேற்று இனத்தான், சமாரியன். காயத்துக்குக் கட்டுப் போட்டு, சத்திரத்தில் சேர்த்து, செலவுக்குப் பணமும் கொடுக்கிறான். இது கீழ்ப் பாதி. மேல் பாதிக்குப் போனால் திடீரென்று ஆதாம், ஏவாள், பாம்பு, பழம்!

என்ன சம்பந்தம்? பழைய கிறிஸ்தவ உரையாசிரியர்கள் ஒரு சம்பந்தம் வைத்திருக்கிறார்கள். அடிபட்டவன் பாவத்தில் விழுந்த மனித குலம், அதாவது ஆதாம். சமாரியன்தான் கிறிஸ்து. சத்திரம் என்பது திருச்சபை. இந்த உரை தெரிந்தால்தான் அந்த ஜன்னலின் இரண்டு பாதிகளும் ஒட்டும்.

'மிகவும் ஆழமான விளக்கம்' என்றார் டீச்சரம்மா. 'ஆனால் ஒரு தடவை என் வகுப்புப் பையன் கேட்டான்: அப்படியானால் ரோட்டில் அடிபட்டுக் கிடந்தவன் நிஜ ஆள் இல்லையா? நாம் யாருக்கும் கட்டுப் போட வேண்டாமா?'

பூக்கடைப் பாட்டியும் அந்தப் பையனும் ஒரே கட்சி.

உயர்ந்த அர்த்தங்கள் தவறு என்று நான் சொல்லவில்லை. அந்த ஆசிரமப் பெரியவரின் விளக்கத்தால் எத்தனையோ பேருக்கு மனசு தெளிந்திருக்கும். ஆனால் உயர்ந்த அர்த்தம் கிடைத்ததும் சாதாரண அர்த்தத்தைக் கைகழுவிவிட்டால் ஒரு வசதி வந்துவிடுகிறது. அடிபட்டவன் ஆதாம் ஆகிவிட்டால் நம் ஸ்கூட்டரை நிறுத்த வேண்டியதில்லை. தாழம்பூ மனமயக்கம் ஆகிவிட்டால் பொய் சொன்னது யார் என்று தேட வேண்டியதில்லை.

* * *

அந்த சமாரியன் ஜன்னலின் அடியில் இன்னொரு சமாசாரம் இருக்கிறது. செருப்புத் தைக்கிறவர்கள் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். மற்ற ஜன்னல்களின் அடியில் ரொட்டி சுடுகிறவர்கள், தோலாடை வியாபாரிகள், காசு மாற்றுகிறவர்கள்.

காமர்ஸ் படித்தவனுக்கு இது புரிய வியாக்யானம் தேவையில்லை. 'உபயம்!' என்றேன். நம் கோயில் டியூப்லைட்டில் வெளிச்சம் பாதி, உபயதாரர் பெயர் பாதி இருக்குமே, அதே கேஸ்.

'நாங்களும் நூறு வருடத்துக்கு மேல் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம்' என்றார். பக்தி மிகுந்த தொழிலாளர் சங்கங்கள் காசு சேர்த்துக் கொடுத்த ஜன்னல்கள் என்று பாடப் புத்தகத்திலேயே இருந்ததாம். 1993-ல் ஜேன் வெல்ச் வில்லியம்ஸ் என்ற கலை வரலாற்று ஆய்வாளர் ரொட்டி, ஒயின், பணம் என்ற தலைப்பில் ஒரு புத்தகம் எழுதி, இந்த அழகான கதையைக் கேள்வி கேட்டார். அந்தக் காலத்தில் ஷார்த்ரில் இவர்களில் பலருக்கு சங்கமே ஒழுங்காக இருந்ததாகத் தெரியவில்லை. ஊர்க்காரர்களுக்கும் தேவாலய நிர்வாகத்துக்கும் சண்டை. 1210-ல் ஜனங்கள் கலவரமே செய்தார்கள். அப்படியிருக்க, அந்தப் படங்கள் தொழிலாளர்கள் தங்கள் பக்தியைக் காட்டியதா, அல்லது 'இவர்கள் எங்களுக்குக் கட்டுப்பட்டுக் காணிக்கை கொடுப்பவர்கள்' என்று நிர்வாகம் காட்டிக்கொண்டதா? படத்தை வைத்துக்கொண்டு படம் வரையச் சொன்னவன் யார் என்று தீர்ப்புச் சொல்லிவிட முடியுமா? ஆய்வாளர்கள் எல்லோரும் அவரை ஏற்கவில்லை. ஆனால் பழைய கதையை அதற்குப் பிறகு யாரும் பழைய தைரியத்தோடு சொல்ல முடியவில்லை.

'அப்ப நீங்க பசங்களுக்கு என்ன சொல்வீங்க?' என்று கேட்டேன்.

நோட்டைத் திறந்து காட்டினார். படத்துக்கு எதிர்ப் பக்கத்தில் மூன்று பத்திகள். முதல் பத்தி: கண்ணால் பார்த்தது. இரண்டாவது: புத்தகமும் மற்றவர்களும் சொன்னது. மூன்றாவது: நான் நினைப்பது. பிள்ளைகள் எந்த ஜன்னலைப் பற்றி என்ன சொன்னாலும், அது எந்தப் பத்தியில் சேரும் என்று முதலில் சொல்ல வேண்டும். முப்பது வருடமாக இதுதான் அவர் நடத்திய பாடமாம்.

செருப்புக்காரர்கள்? முதல் பத்தி. உபயம்? இரண்டாவது. பக்தியா பணிவா? மூன்றாவது.

அன்றைய பக்கத்தைப் பார்த்தேன். முதல் பத்தியில், அதாவது கண்ணால் பார்த்ததில், சுத்தமான கையெழுத்தில் ஐந்து வரிகள். ஆங்கிலத்திலேயே எழுதியிருந்தார். தூண். உருவம். பன்றி. அன்னம். பூ.

எனக்கு டீ இறங்கவில்லை.

* * *

ஒரு பூவுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று நினைப்பீர்கள். பூவோடு முடிந்திருந்தால் நானும் மறந்திருப்பேன். அந்த மூன்று பத்திகள் என்னை வேறோர் இடத்துக்குக் கொண்டுபோய்விட்டன.

2004-ல் நான் ஒரு பத்திரிகையில் சின்ன நிருபர். பேர், ஊர் வேண்டாம். ஒரு சிறு ஊரின் கடன் சங்கத்தில் கையாடல் என்று ஒருவர் ஒரு ஜெராக்ஸ் கொண்டுவந்து கொடுத்தார். கையால் எழுதிய ரொக்கப் புத்தகத்தின் ஒரே ஒரு பக்கம். மற்ற நிருபர்களுக்கு அது தலையும் புரியாது, காலும் புரியாது. நான் பி.காம். ஆச்சே! பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டேன். வரவு இவ்வளவு, பற்று இவ்வளவு, இருக்க வேண்டிய ரொக்கம் இவ்வளவு. 46 ஆயிரம் ரூபாய் உதைக்கிறது.

எழுதினேன். 'ஆவணங்களை ஆராய்ந்ததில்' என்று கம்பீரமாக ஆரம்பித்தேன். கணக்கு எழுதிய குமாஸ்தாவின் பெயரும் வந்தது. எடிட்டோரியலில் தட்டிக்கொடுத்தார்கள். அந்த மனிதரை சஸ்பெண்ட் செய்தார்கள்.

நாலு மாதம் கழித்துத் தணிக்கையில் தெரிந்தது. அந்தப் பணம் அன்றைக்கே பேங்க்கில் கட்டப்பட்டிருக்கிறது. கட்டியதற்கான பதிவு அடுத்த பக்கத்தின் முதல் வரியில் இருந்தது.

நான் பார்த்த பக்கத்தின் அடியில் 'அடுத்த பக்கத்துக்கு' என்று எழுதியிருந்தது. பேரேட்டின் நடுப்பக்கம் எதற்கும் தலையும் கிடையாது, காலும் கிடையாது. மேலே 'முன்பக்கத்திலிருந்து' என்று இருக்கும். கீழே 'அடுத்த பக்கத்துக்கு' என்று இருக்கும். இதைப் பதினொன்றாம் வகுப்பிலேயே சொல்லிக் கொடுக்கிறார்கள். அதை நான் பார்க்காமல் இல்லை. பார்த்தேன். அடுத்த பக்கத்தைக் கேட்டால் கதை கெட்டுவிடுமோ என்று, கேட்கவில்லை.

ஜெராக்ஸ் கொடுத்தவருக்கு அந்தக் குமாஸ்தாவோடு ஏதோ பழைய பகை என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். ரொம்ப நாள் அதையே பிடித்துக்கொண்டு சமாதானம் அடைந்தேன். 'என்னை ஏமாற்றிவிட்டார்கள். நான் வெறும் பூ.' பாட்டி சொன்ன முதல் பாதி மட்டும்தான் என் காதில் இத்தனை வருடம் கேட்டுக்கொண்டிருந்தது. 'சொல்லியிருக்கக் கூடாதுதான்' என்று அவர் சேர்த்ததை நான் சேர்க்கவில்லை.

மறுப்பு மூன்று வரியில், உள்பக்கத்தில் வந்தது. அவருடைய மகளுக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தம் அதற்குள் நின்றுபோயிருந்தது. நான் போய் அவரைப் பார்க்கவில்லை. 'எழுதின பையனுக்குச் சின்ன வயசு, விடுங்க' என்று அவர் யாரிடமோ சொன்னதாகத் தகவல் வந்தது. திட்டியிருந்தால் தேவலை.

* * *

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. லிங்கோத்பவர் கதையைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன்.

இந்தக் கதைக்கே ஒரு வடிவம்தான் என்று இல்லை. சிவபுராணத்தில் தாழம்பூவும் பொய்யும் உண்டு. லிங்க புராணத்தில் பொய்யே கிடையாது. இரண்டு பேரும் களைத்துத் திரும்பி வந்து வணங்கிவிடுகிறார்கள். திருஞானசம்பந்தர் தன் பதிகங்களில் வழக்கமாக ஒன்பதாவது பாட்டில் இந்த இருவரும் தேடிக் காணாததைச் சொல்லிவிடுவார். ஊர் ஊராகப் போய், 'காண முடியவில்லை' என்பதை ஒரு கடமை மாதிரி பாடியிருக்கிறார்.

சிற்பத்துக்கு வாருங்கள். லிங்கோத்பவர் சிற்பங்களை நிதானமாகப் பார்த்தால் ஒன்று தெரியும். தூணின் நடுவே பிளந்த இடத்திலிருந்து சிவன் வெளிப்படுவார். ஆனால் முழுசாக இல்லை. பாதம் தூணுக்குள் மறைந்திருக்கும். மகுடத்தின் உச்சியும் அப்படியே. நடராஜரின் கால் சலங்கையைக்கூட விடாமல் செய்த பரம்பரைதான் இதையும் செய்தது. பாதம் செதுக்கத் தெரியாமலா விட்டார்கள்? அடியும் முடியும் யாரும் பார்க்காதவை. பார்க்காததை உளி காட்டக் கூடாது என்று நிறுத்திக்கொண்டார்கள்.

இப்படித்தான் நான் நினைக்கிறேன். மூன்றாவது பத்தி, குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த ஊரில் இதற்கு இன்னொரு பொருத்தமும் உண்டு. 1902-ல் சிவப்பிரகாசம் பிள்ளை என்பவர் ரமணரிடம் போய்க் கேட்ட முதல் கேள்வி 'நான் யார்?' ரமணர் அப்போது பேசுவதில்லை. எழுதிக் காட்டினார். அந்த விசாரணை எப்படிப் போகிறது? உடம்பு நான் இல்லை, புலன்கள் நான் இல்லை, மனசும் நான் இல்லை என்று, நாம் உரிமை கொண்டாடுகிற ஒவ்வொன்றிலிருந்தும் கையை எடுத்துக்கொண்டே போகிறது. ஆன்மிகமாக அது எங்கே கொண்டுபோய்விடும் என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் ஒரு நிருபனுக்கு இதில் எடுத்துக்கொள்ள ஏதோ இருக்கிறது. 'இது நான் பார்த்தது இல்லை, இதுவும் நான் பார்த்தது இல்லை' என்று ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, கடைசியில் கையில் எது மிஞ்சுகிறதோ, அதை மட்டும் எழுது.

ஒரு படத்துக்கு அர்த்தம் சொல்வது புலமைக் காரியம் என்று நினைத்திருந்தேன். அது சாட்சிக் கூண்டில் ஏறுகிற காரியம். கேட்பவருக்கு அந்தப் படம் தெரியாது. நம் விரல் காட்டுகிற இடத்தைப் பார்ப்பார். நாம் 'அதோ' என்றால் அவருக்கும் தெரிந்த மாதிரி இருக்கும். டீச்சரம்மாவுக்குக்கூட ஒரு விநாடி பூ தெரிந்துவிட்டதே! முப்பது வருடம் மூன்று பத்தி நடத்தியவருக்கே!

தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? விஷ்ணுவுக்கு என்ன குறைந்தது? திருவண்ணாமலையிலேயே அந்தக் கதையில் தோற்றவர் என்று யாரும் அவரை மட்டமாகப் பேசுவதில்லை. நமக்குத்தான் 'தெரியாது' என்ற நாலு எழுத்து வாயில் வராது. வழி கேட்டால்கூட, தெரியாத ஊரிலும் கையைக் காட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்போம். இப்போது கையில் செல்போன் வேறு. எங்கிருந்தோ வந்த ஒரு போட்டோ. கீழே யாரோ எழுதிய நாலு வரி. எந்த ஊர், எந்த வருஷம், முன்னால் என்ன, பின்னால் என்ன... ஒன்றும் தெரியாது. ஃபார்வர்டு பண்ணிவிட்டு, 'நானே பார்த்தேன்' என்கிறோம். பார்த்தது படத்தை. சம்பவத்தை இல்லை.

* * *

மறுநாள் காலை ஆறரை மணிக்கே டீக்கடைக்குப் போய்விட்டேன். டீச்சரம்மா ஆசிரமத்திலிருந்து வெளியே வர எட்டு மணி ஆனது. அதற்குள் மூன்று டீ.

'அந்தப் பூவை நான் பார்க்கவில்லை' என்றேன். 'அங்கே இருக்கிறதா என்றும் தெரியாது. சும்மா கையைக் காட்டிவிட்டேன்.'

கோபப்படுவார் என்று நினைத்தேன். நோட்டைத் திறந்தார். பெட்டியில் ரப்பர் இருந்தது, எடுக்கவில்லை. முதல் பத்தியில் 'பூ' என்ற சொல்லின் மீது ஒரே ஒரு கோடு போட்டார். அடித்தது தெரிகிற மாதிரி மெல்லிய கோடு. இரண்டாவது பத்தியில் 'பூ: கதையில் வருகிறது' என்று எழுதினார். படத்தில் வரைந்திருந்த பூவுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

எனக்கு அந்த முறை பழக்கம்தான். கணக்குப் புத்தகத்தில் ஒரு தப்பான பதிவை ரப்பர் வைத்து அழிக்கக் கூடாது. அது இன்னொரு மோசடி. தப்பு தெரிகிற மாதிரி விட்டுவிட்டு, திருத்தப் பதிவு ஒன்று போட வேண்டும். பரீட்சையில் அதற்கு எனக்கு நல்ல மார்க்.

இரண்டாவது பத்தியை எழுதிவிட்டு அவர் தலை தூக்காமல் கேட்டார்: 'நேற்று நான் நோட்டைக் காட்டியபோது உங்கள் முகம் மாறியது. இந்தப் பூவுக்காகவா?'

'இல்லை' என்றேன். குமாஸ்தா கதையைச் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை.

இத்தனை வருடம் கழித்து இந்தப் பக்கத்தில் நான் எழுதுவது ஒரு திருத்தப் பதிவுதான். அவர் பெயரைப் போடவில்லை. அன்றைக்கு அவரைக் கேட்காமல் போட்டேன். இன்றைக்கும் கேட்காமல் போட எனக்கு உரிமை இல்லை. முதலில் அவரைத் தேடிப் போக வேண்டும். உயிரோடு இருக்கிறாரா என்பதுகூட எனக்குத் தெரியாது.

அந்த ஊருக்கு பஸ் ரூட் விசாரித்து வைத்திருக்கிறேன்.